மணியாச்சி: சின்ன ஊருக்கு ஜங்ஷன் எப்படி வந்தது?

கேள்வியின் சுருக்கம் இது. ஓட்டப்பிடாரம் தாலுகாவில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர் மணியாச்சி. கோவில்பட்டி போன்ற சந்தை ஊரை விட்டுவிட்டு இங்கே ஏன் ஜங்ஷன் வைத்தார்கள்? 1911-இல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது, அவர் உட்கார்ந்திருந்த வண்டி இங்கே ஏன் நின்றுகொண்டிருந்தது? இவ்வளவு சின்ன ஸ்டேஷனில் அப்படி என்னதான் வேலை?

மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். தடம் கவட்டை மாதிரி பிரிகிற இடம் மணியாச்சி. வடக்கே மதுரையிலிருந்து வரும் ஒற்றைக் கொம்பு இங்கே இரண்டாகப் பிரிந்து, தென்கிழக்கே தூத்துக்குடிக்கும் தென்மேற்கே திருநெல்வேலிக்கும் போகிறது. இந்த ஸ்டேஷனின் வரலாற்றில் நடந்தது எல்லாம் அந்த வடிவத்தால் வந்ததுதான்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-இல் உருவானது. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இலும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இலும் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) தடம் திறந்தார்கள். அவர்கள் குறி தூத்துக்குடித் துறைமுகம். கரிசல் பருத்தி கப்பலேறுவது அங்கே. கொழும்புக்கு ஆட்கள் போவதும் அங்கிருந்துதான். ஆனால் ஜில்லாவின் தலைமையிடம் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம். இரண்டையும் விட முடியாது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போய், அங்கிருந்து தூத்துக்குடிக்குத் தடம் போடலாமே என்று தோன்றும். கணக்கு போட்டுப் பாருங்கள். மணியாச்சியிலிருந்து இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 30 கி.மீ., ஆகப் போட வேண்டிய தடம் 60 கி.மீ. திருநெல்வேலி வழியாகச் சுற்றினால் முதலில் 30, பிறகு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 50, ஆக 80 கி.மீ. அதோடு ஒவ்வொரு துறைமுக வண்டியும் தன் ஆயுள் முழுக்க 50 கி.மீ. கூடுதலாக ஓட வேண்டும். கோவில்பட்டியிலேயே பிரித்திருந்தால் அங்கிருந்து மணியாச்சி வரைக்குமான 30 கி.மீ.க்கு ஏறத்தாழ இணையாக இரண்டு தடம் போட்டுப் பணத்தைக் கரைத்திருப்பார்கள். ஊரைப் பார்த்து ஜங்ஷன் வைக்கவில்லை; கி.மீ.யைப் பார்த்து வைத்தார்கள். மணியாச்சிக்கு ஜங்ஷன் வந்தும் ஊர் பெரிதாக வளராமல் போனதற்கும் இதுதான் காரணம். இறங்குகிறவர்கள் ஊருக்குள் போவதில்லை, அடுத்த வண்டிக்குத்தான் போகிறார்கள்.

திருநெல்வேலிக் கிளையில் இன்னொரு சிக்கனமும் இருந்தது. ஸ்டேஷன் தாமிரபரணிக்கு வடகரையிலேயே முடிந்துவிடும். பாளையங்கோட்டை அக்கரையில் இருந்தாலும், ரயிலுக்காக ஆற்றின் மேல் பெரிய பாலம் கட்டும் செலவு அப்போதைக்குத் தப்பியது.

அடுத்து, ஆஷ் வந்த வண்டி ஏன் நின்றது என்பது. இதைப் பலரும் கதையாகச் சொல்கிறார்களே தவிர, ரயில்வே கண்ணால் பார்ப்பதில்லை.

1914 வரை சென்னையிலிருந்து கொழும்புக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோகிற போட் மெயில் ரயில் தூத்துக்குடி வழியாகத்தான் ஓடியது. தூத்துக்குடியில் கரையோரம் ஆழமில்லை. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிடும். பயணிகளும் சரக்கும் படகில் கரைக்கு வர வேண்டும். அதன் பிறகு மெயில் புறப்பட்டு, காலையில் மணியாச்சியைத் தொட்டு மதுரைக்கும் அதற்கு மேலும் போகும். திருநெல்வேலிக்காரர்கள் வடக்கே போக வேண்டுமென்றால் கிளை வண்டியில் மணியாச்சிக்கு வந்து இந்த மெயிலைப் பிடிக்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷும் அவர் மனைவியும் கொடைக்கானல் போகக் கிளம்பியது இப்படித்தான். அவர்கள் இறங்க வேண்டிய இடம் அம்மையநாயக்கனூர், இன்றைய கொடைக்கானல் ரோடு. திருநெல்வேலியில் 9.30-க்குப் புறப்பட்ட வண்டி மணியாச்சிக்கு 10.38-க்கு வந்தது. மெயில் வர வேண்டிய நேரம் 10.48. இடையில் 10 நிமிடம்.

அந்த 10 நிமிடம் ஏன் தேவை என்பதில்தான் ஜங்ஷனின் தொழில் இருக்கிறது. திருநெல்வேலி வண்டியும் தூத்துக்குடி மெயிலும் தெற்கிலிருந்துதான் வருகின்றன. கவட்டையின் இரண்டு கொம்பும் சேரும் கழுத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் நுழைகின்றன. கைகாட்டி (கை சாய்ந்து வழிவிடும் பழைய சிக்னல் கம்பம்) காலத்து விதிப்படி, ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் ஹோம் சிக்னலை ஒரு வண்டிக்கு இறக்க வேண்டுமானால், அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் குறைந்தது 180 மீட்டர் தடம் காலியாக இருக்க வேண்டும். பக்கத்துத் தடத்திலிருந்து வேறு வண்டி சறுக்கிக் குறுக்கே வர வழியும் இருக்கக் கூடாது. இதற்கென மணல் மேடோ, தடம் புரட்டும் பாயிண்டோ (பாயிண்ட் என்பது தடம் மாற்றும் நகரும் தண்டவாளம்) வைத்துத் தடங்களைத் தனிமைப்படுத்தியிருந்தால் இரண்டு வண்டியையும் ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கலாம். அது இல்லாத சிறு ஸ்டேஷனில் ஒன்று முழுக்க உள்ளே வந்து, கடைசிப் பெட்டி ஃபவுலிங் மார்க்கை (பக்கத்துத் தடத்து வண்டி உரசாத எல்லைக்குறி) தாண்டி நின்ற பிறகுதான் மற்றதற்கு பாயிண்ட் திருப்பி, பூட்டி, கைகாட்டியை இறக்க முடியும். மெயிலை ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் காக்க வைக்கக் கூடாது என்பதால் கிளை வண்டிதான் முதலில் வந்து காத்திருக்கும். 10 நிமிடம் என்பது தாராளம் இல்லை; இறுக்கமான கணக்கு.

அந்தக் காலத்துப் பெட்டிகளையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பதுபோல் ஒரு முனையில் ஏறி உள்ளே நடந்து போகும் வழி அவற்றில் பொதுவாகக் கிடையாது. முதல் வகுப்பு அறையின் கதவு நேராக நடைமேடையில் திறக்கும். வண்டி நிற்கிறது, இஞ்சின் ஆட்களும் பாயிண்ட்ஸ்மேனும் மெயிலை எதிர்பார்த்து வேலையில் இருக்கிறார்கள், கலெக்டர், தன் மனைவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி பிரவுனிங் துப்பாக்கியால் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். உடன் வந்தவர் தப்பிவிட்டார். ஆஷை வந்த வழியே திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கங்கைகொண்டான் அருகே உயிர் போயிற்று. 1908-இல் வ.உ.சி. கைது, திருநெல்வேலிக் கலவரம், சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியது என்று இதன் பின்னணி நீளம். அது வேறு பதிலுக்கு உரியது. வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம் இந்த ஸ்டேஷன் இருக்கும் தாலுகாவின் தலைமையிடம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஓடும் வண்டியிலோ, திருநெல்வேலி ஸ்டேஷன் கூட்டத்திலோ கிடைக்காத வாய்ப்பை இந்த இணைப்பு நேரம் கொடுத்தது. ஸ்டேஷன் பெயரோடு வாஞ்சி சேர்ந்தது பிற்காலத்தில்.

மணியாச்சியின் செல்வாக்கு குறைந்தது அந்தக் கொலையால் அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல் 35 கி.மீ.தான், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுக் கப்பல். யார் எதை விரும்புவார்கள்? இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களின் தடமும் அதே வழியில் நகர்ந்தது. அதற்கு முன் அவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கும் முகாம் இருந்தது மணியாச்சிக்கு அடுத்த தட்டப்பாறையில். பிறகு மண்டபம் முகாம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் மண்டபத்தோடு நின்றுவிடுகிறார்கள். 1914-க்கு முந்தைய பயணமாக இருந்தால் தட்டப்பாறையையும் தேடுங்கள்.

இனி அன்றாட வேலை. மணியாச்சி ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூன்று பக்கம்: வடக்கே கடம்பூர், தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை, திருநெல்வேலிப் பக்கம் நாரைக்கிணறு. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி மோதாமல் இருக்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி அனுமதி வாங்க வேண்டும். அதுதான் லைன் கிளியர். தென்னக மீட்டர் கேஜ் தடங்களில் இதற்குப் பரவலாக இருந்தது நீல்ஸ் பந்து டோக்கன் கருவி.

வேலை நடக்கும் வரிசை இப்படி. மாஸ்டர் கருவியின் மணியை அடித்து அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடுவார். போனில் வண்டி எண்ணைச் சொல்லி லைன் கிளியர் கேட்பார். அந்தப் பக்கத்து மாஸ்டர், தன் ஸ்டேஷனின் முதல் கைகாட்டிக்கு உள்ளே போதுமான தூரம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கைகாட்டித் தடங்களில் இது 400 மீட்டருக்குக் குறையக் கூடாது. சரி என்றால் ஒரு ரகசிய எண்ணைச் சொல்லித் தன் கருவியை அதற்கான நிலைக்குத் திருப்புவார். அப்போதுதான் இந்தப் பக்கத்துக் கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே விழும். பந்தில் இரண்டு ஸ்டேஷன்களின் குறியீடும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். இரண்டு கருவியும் மின்சாரத்தால் கட்டுண்டவை. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொன்று வராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். நிற்காத வண்டியென்றால் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, ஃபயர்மேன் ஓடும் இஞ்சினிலிருந்து கையை நுழைத்து வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தைக் கீழே எறிவார். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் இதே வேலை. வாங்கியவுடன் பையைத் திறந்து குறியீட்டைப் படிக்க வேண்டும். படிக்காமல் போவதுதான் ஆபத்து.

மூன்று தடம் சேரும் இடத்தில் இந்த ஆபத்து மூன்று மடங்கு. நாரைக்கிணற்றுப் பந்தைக் கொண்டுபோய்த் தட்டப்பாறைக் கருவியில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? போட முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளுக்குப் பந்தின் வடிவத்தை வேறுவேறாக வைப்பார்கள். தவறான பந்து வாயிலேயே சிக்கும். ஆனால் டிரைவர் கையில் தவறான பந்து போவதைக் கருவி தடுக்காது, கண்தான் தடுக்க வேண்டும்.

இதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் சாதாரணமானவை. டிரைவர் பந்தைக் கொடுக்க மறந்து அடுத்த பிரிவுக்குள் எடுத்துப் போய்விடுவார். அது திரும்பி வரும்வரை அந்தப் பக்கம் முழுக்க முடக்கம். வளையம் கைநழுவி இருட்டில் கருவேலங்காட்டுக்குள் உருண்டுவிடும். பந்து காணாமலே போனால் கருவியை நிறுத்திவைத்து, காகித லைன் கிளியர் எழுதிக் கொடுத்து வண்டி ஓட்டுவார்கள். இன்னொன்று வெளியாட்கள் யோசிக்காதது. ஒரு பக்கமாக வண்டி அதிகம் போனால் பந்துகள் எல்லாம் ஒரு முனையில் குவிந்து மறுமுனைக் கருவி காலியாகிவிடும். சிக்னல் பராமரிப்பாளர் வந்து கருவியைத் திறந்து, எண்ணி, பதிவேட்டில் இரண்டு மாஸ்டர்களும் கையெழுத்திட, ஒரு பகுதியை மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

வண்டி வந்ததும் பந்தைக் கருவியில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கடைசிப் பெட்டியின் பின்னால் பகலில் பலகை, இரவில் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டி முழுதாக வந்ததாக அறிவிக்க வேண்டும். அது இல்லையென்றால் இணைப்பு அறுந்து சில பெட்டிகள் நடுவழியில் கிடக்கின்றன என்று பொருள்.

கவட்டை ஜங்ஷனுக்கே உரிய இன்னொரு தொல்லை இஞ்சின் மாற்றம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற வண்டி, இரண்டு கொம்பையும் நேரே இணைக்கும் குறுக்குத் தடம் இல்லாவிட்டால், மதுரையைப் பார்த்த முகத்தோடு மணியாச்சிக்குள் வந்து நின்று முதுகைத் திருப்ப வேண்டும். இஞ்சினைக் கழற்றி, முன்னால் பாயிண்ட் தாண்டி ஓட்டி, பக்கத்துக் கிளைத் தடமான லூப்பில் பின்னோக்கிக் கொண்டுவந்து, மறுமுனையில் கோக்க வேண்டும். ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிறகு வெற்றிட பிரேக் குழாய்களை இணைத்து, கடைசிப் பெட்டி வரைக்கும் பிரேக் பிடிக்கிறதா என்று வண்டியின் கார்டு தன் பெட்டியில் உள்ள அளவுமானியில் பார்க்க வேண்டும். வால் விளக்கையும் பலகையையும் முனை மாற்ற வேண்டும். அவசரத்தில் பலகையை மாற்ற மறந்து வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் மேலே சொன்ன சிக்கல் தொடங்கும். குழாய் ரப்பர் வெடித்திருந்தால் வெற்றிடம் ஏறாது. எந்தப் பெட்டியில் காற்று கசிகிறது என்று ஒவ்வொன்றாகக் காது வைத்துத் தேடி, ரப்பரை மாற்ற வேண்டும். 15 நிமிடத்து வேலை 40 ஆவது இப்படித்தான். பிற்காலத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸுக்கு இங்கே தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றிக் கோத்தபோதும் இதே வேலைதான்.

கைகாட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கை மட்டமாக இருந்தால் நில். கீழே சாய்ந்தால் போ. கேபினில் லீவரை இழுத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் கம்பி கப்பிகளின் மேல் ஓடி அதைச் சாய்க்கும். சித்திரை வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்துவிடும். லீவரை முழுக்க இழுத்தாலும் கை அரைகுறையாகச் சாயும். அரைகுறை என்றால் டிரைவர் நில் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் பகல் ஏற ஏறக் கம்பியை முறுக்குவதும், இரவு குளிர்ந்ததும் தளர்த்துவதும் அன்றாடம் நடக்கும். கம்பி அறுந்தால் எடைக்கல் கையைத் தானே மட்டத்துக்குக் கொண்டுவரும்.

எல்லாவற்றையும்விட மணியாச்சிப் பகுதியின் நிரந்தரத் தலைவலி மண். கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். வெடிப்புகளில் கை முழுக்க இறங்கும். தடத்தின் கீழே இதே மண் இருந்தால், ஐப்பசி மழையில் அது களியாகி, வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ஜல்லி கீழே அமுங்கி, சேறு மேலே பிதுங்கும். அந்த இடத்தில் சிலிப்பர் தொங்கும், ஒரு தண்டவாளம் இறங்கி மற்றது நிற்கும், பெட்டி ஆடும். மேலே புது ஜல்லி கொட்டினால் தீராது. அதுவும் கீழே போய்க் குழியில் சேர்ந்து தண்ணீரைத் தேக்கும். சரியான வைத்தியம் ஜல்லிக்கும் கரிசலுக்கும் நடுவே சரளை மண் போர்வை போடுவதும், இரு ஓரமும் தண்ணீர் வடியும்படி வாய்க்கால் வெட்டுவதும்தான். பழைய தடங்களில் இந்தப் போர்வை பெரும்பாலும் கிடையாது. அதனால் முதல் மழைக்குப் பிறகு கேங்மேன்கள் மட்டக்கோல் வைத்து மீட்டர் மீட்டராகப் பார்த்து, பீட்டர் என்ற கருவியால் ஜல்லியைக் குத்தி ஏற்றுவார்கள். கீமேன் சாவி சுத்தியலும் கொடிகளும் ஆபத்தில் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசும் தூக்கிக்கொண்டு தன் பிரிவைத் தினமும் நடந்தே பார்ப்பார். பாயிண்ட் இருக்கும் இடம் மண்ணால் முதலில் கெடும். நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே சேறோ கல்லோ சிக்கினால் அது முழுக்க ஒட்டாது. நடுவே 5 மி.மீ. தகடு வைத்தால் பூட்டு விழக் கூடாது என்பதுதான் சோதனை. விழுந்தால் அந்தப் பூட்டை நம்பி வண்டி விடக் கூடாது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது. மதுரை, மணியாச்சி, தூத்துக்குடி 160 கி.மீ. தடமும், மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் வரை 102 கி.மீ. தடமும் இரட்டைப் பாதையாகி மின்மயமாகிவிட்டன. பந்துக்கும் வளையத்துக்கும் இனி வேலை இல்லை. கருவியைப் பார்க்க வேண்டுமானால் ரயில் அருங்காட்சியகங்களில் தேடுங்கள்.

நேரில் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. 1911-இல் பெட்டி நின்ற இடம் இதுதான் என்று யாராவது கைகாட்டினால் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கேஜ் மாறும்போது தடங்களின் இடமும் நடைமேடை உயரமும் மாறும். இன்றைய உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ., அன்றையது அதைவிட மிகத் தாழ்வு. பழைமையைத் தேடுகிறவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு வேலிக் கம்பங்களைப் பாருங்கள். தென்னகத்தின் பழைய ஸ்டேஷன்களில் கழித்த தண்டவாளங்களை வெட்டி வேலிக்கும் கூரைக்கும் தூணாக நட்டிருப்பார்கள். அதன் இடுப்புப் பகுதியில் தயாரித்த ஆலையின் பெயர், ஆண்டு, கஜத்துக்கு எத்தனை பவுண்டு என்பது புடைப்பெழுத்தாக இருக்கும். பெயின்ட் தடித்திருந்தால் சுரண்டாதீர்கள், அது ரயில்வே சொத்து. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலே எழுத்து பதியும். அந்த ஆண்டு தண்டவாளத்தின் வயது, கம்பம் நட்ட ஆண்டு அல்ல.

வண்டி மாறப் போகிறவர்கள் அட்டவணையில் மணியாச்சி என்று தேடிக் கிடைக்கவில்லையென்றால் வாஞ்சி மணியாச்சி என்று தேடுங்கள், குறியீடு எம்.இ.ஜே. திருநெல்வேலி போகும் வண்டியும் தூத்துக்குடி போகும் வண்டியும் வடக்கிலிருந்து ஒரே முகமாகத்தான் வரும். அதனால் வண்டி வந்த திசையை வைத்து ஏறாமல், பெட்டியில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே கடை கண்ணி குறைவு. இணைப்பு வண்டிக்கு நேரம் அதிகம் என்றால் சாப்பாட்டையும் தண்ணீரையும் மதுரையிலோ கோவில்பட்டியிலோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.